படிக்கட்டில் நின்ற குரல்

சுகுணா மிதியை நிறுத்திய பிறகும் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் அவளுக்கு அது உறைக்கவில்லை. காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருந்தது. அதியமான்கோட்டை பைபாஸில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இரைந்துகொண்டு போயின. பாதி தைத்த ஜாக்கெட்டின் கை ஊசிக்கடியில் கிடந்தது. நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்திருந்த ஃபோனில், கனடாவிலிருந்து மகள் கவிப்பிரியா பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேசுவது சரியாகக் கேட்கட்டும் என்றுதான் சுகுணா மிதியிலிருந்து காலை எடுத்தாள். சக்கரம் நின்றது. கடகடவென்ற சத்தம் நிற்கவில்லை. அது ஃபோனுக்குள்ளிருந்து வந்தது.

"என்னா சத்தம் பாப்பா அங்க?"

"உன் மெஷின்தானேம்மா?"

"நான் அப்பவே நிறுத்திட்டேனே."

கவிப்பிரியா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். சத்தம் இன்னும் ஒரு சாண் தையலுக்கு ஓடி, நின்றது. நூலை அறுக்கும்போது சுகுணா தன்னையறியாமல் விடும் சின்னப் பெருமூச்சு ஒன்று அதன் பின்னால் கேட்டது போலிருந்தது.

"ஹீட்டரா இருக்கும்மா. பழைய வூடு, எதுனா சத்தம் போட்டுகிட்டே கெடக்குது" என்றாள் மகள்.

மேல்படிப்புக்குப் போனவளுக்கு அது முதல் வாரம். கிடைத்தது ஒரு மரவீட்டின் கீழ்த்தள அறை, பாதி பூமிக்குள் இருந்தது. கூரையை ஒட்டி முறம் அகலத்தில் ஒரு ஜன்னல், அதில் தெரு தெரியாது, புல் மட்டும் தெரியும். வெளியே போக ஒரே கதவு. அதைத் திறந்தால் மேலே ஏறும் மரப்படிக்கட்டு. மேல்வீட்டுக்காரர்கள் சொந்த ஊருக்குப் போயிருந்தார்கள். கூடத் தங்க வேண்டிய பெண்ணுக்கு விசா வரவில்லை. ஆக, அந்த வீடு முழுக்க அவள் ஒருத்திதான். இங்கே விடிந்து சுகுணா வேலைக்கு உட்காரும்போது அங்கே இருட்டி, அவள் கல்லூரியிலிருந்து வந்து கதவைச் சாத்தியிருப்பாள்.

மறுநாள் கவிப்பிரியா சிரித்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, இங்க களி கிண்டற வாசனை வருதும்மா. சத்தியமா. அடிபுடிச்ச களி வாசனை."

"பசிக்குதா உனக்கு? சாப்பிட்டியா?"

"ரொட்டி இருந்துச்சு. எறங்கல."

"குளுருதா பாப்பா? போர்வைய நல்லா இழுத்துப் போத்திக்கோ. பயப்படாத, அம்மா இருக்கறன்ல?"

எந்தத் தாயும் சொல்வதுதான். சொல்லி முடித்து ஃபோனை வைத்தவளுக்கு, அன்று காலை தன் அடுப்பில் களி அடிபிடித்தது நினைவுக்கு வந்தது. அதை அவள் மகளிடம் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த காலை கவிப்பிரியாவின் கண்களுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"ராத்திரி நீ என்னைக் கூப்பிட்டம்மா."

"கனவு கண்டிருப்ப."

"கனவுதான். ஆனா கதவுக்கு அந்தாண்ட நின்னு பேசுன. 'குளுருதா பாப்பா? போர்வைய நல்லா இழுத்துப் போத்திக்கோ. பயப்படாத, அம்மா இருக்கறன்ல'ன்னு. ஒரு எழுத்து மாறல." சொல்லிவிட்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு முகம் காட்டினாள். "நல்லா இருந்துச்சும்மா. எழுந்து போய்க் கதவைத் தொறந்துடலாமான்னு இருந்துச்சு."

சுகுணாவுக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. "ராத்திரில கதவைத் தொறக்காத" என்று மட்டும் சொன்னாள்.

குஜராத்துக்கு லோடு ஏற்றிப் போயிருந்த கணவன் பிரபாகரை அழைத்தாள். வண்டி இரைச்சலுக்கு மேல் அவன் கத்திப் பேசினான்.

"ஏ சுகுணா, புது எடம். புள்ளைக்கு வூட்டு ஞாபகம். அதுக்குப் போயி நீயும் கூடச் சேர்ந்து பயப்படுவியா?"

"மெஷின் சத்தம் நானே கேட்டேங்க."

"ஃபோனு எக்கோ அடிக்கும். வை, செக்போஸ்ட் வருது."

எக்கோ. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சுகுணா அன்றையப் பொழுதை ஓட்டினாள். மறுநாள் அதுவும் கையைவிட்டுப் போனது.

பக்கத்துத் தெரு ரோசம்மாள் ஜாக்கெட் வாங்க வந்து, வாசற்படியில் உட்கார்ந்து பித்தான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சுகுணா ஃபோனில் கவிப்பிரியாவிடம் சாப்பாட்டை விசாரித்தாள். ஜன்னலைச் சாத்தினாயா என்றாள். ஒவ்வொன்றையும் கேட்டு முடித்ததும் ஒரு மூச்சு நேரம் கழித்து, மகளுக்குப் பின்னால் எங்கோ, கதவுக்கு அந்தப்பக்கம், யாரோ வாய்க்குள் முணுமுணுத்தார்கள். பாடத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளையைப் போல. தப்பாகச் சொல்லி, திருத்தி, மறுபடி சொல்லி.

ரோசம்மாள் நிமிர்ந்தாள். "சுகுணாக்கா, என்னா இது? ரெண்டு சுகுணா பேசற மாதிரி இருக்குது."

சுகுணா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அது அவளிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறது. அவள் ஆறுதலாகச் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அன்று இரவு அந்தக் கதவுக்கு வெளியே போய் நிற்கிறது.

அதன் பிறகு அவள் பேசவில்லை. மகள் அழைத்தால் எடுப்பாள், பார்ப்பாள், தலையை ஆட்டுவாள், பதிலை எழுத்தில் அனுப்புவாள். தனியாக இருப்பவள் பயந்துவிடக் கூடாதென்று, தொண்டை கட்டிக்கொண்டது என்று எழுதினாள். வேறு வீடு பார், கல்லூரியில் சொல்லி வேறு இடம் கேள் என்று எழுதினாள். கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமை சாவி தருகிறார்கள் என்று பதில் வந்தது. திங்கட்கிழமைவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும். சுகுணா வீட்டில் தனியாக இருக்கும்போதுகூட வாய் திறக்கவில்லை. மெஷினை மிதிக்கவில்லை. துணிகள் வெட்டியது வெட்டியபடி கிடந்தன. அடுப்பங்கரையில் பாத்திரம் கீழே வைக்கும் ஓசைகூட அங்கே போய்ச் சேர்ந்துவிடுமோ என்று சேலை முந்தானையை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தாள்.

மகளுக்கு அது வேறு மாதிரிப் பட்டது.

"ஏம்மா பேச மாட்டேங்கற? இவ்ளோ தூரம் வந்து ஒண்டியா கெடக்கறன், ஒரு வார்த்த பேசேன்." திரையில் அவள் முகம் ஒடுங்கியிருந்தது. "கோவமா எம்மேல?"

சுகுணா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கண்ணீர் கொட்டியது. வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச்சிலிருந்து ஒலிபெருக்கிப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. ஃபோன் அடித்தது. எடுத்ததும் இருட்டான அறை தெரிந்தது. கட்டிலில் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கவிப்பிரியா. மேசைமேல் நிறுத்தியிருந்த ஃபோனுக்கு அவளும் தெரிந்தாள், அவளுக்குப் பின்னால் கதவும் தெரிந்தது.

"படியில யாரோ எறங்கி வராங்கம்மா" என்று கிசுகிசுத்தாள்.

சுகுணாவுக்கும் கேட்டது. மரப்படி முனகும் ஓசை. நிதானமாக. இடது காலை மெதுவாக ஊன்றி, வலது காலை இழுத்து. மூட்டுவலிக்காரியின் நடை. சுகுணாவின் நடை.

ஓசை கதவருகில் நின்றது.

"பாப்பா."

அப்பழுக்கில்லாத குரல். இத்தனை நாள் கற்றுக்கொண்டபோது இருந்த தடுமாற்றம் எதுவும் இப்போது அதில் இல்லை.

"நீ போவ வேணாம் பாப்பா. அன்னிக்கே சொல்லலாம்னு இருந்தேன். வாய் வரல. நீ இல்லாத வூட்டுல என்னால இருக்க முடியல. வா பாப்பா, போலாம்."

பெங்களூரு விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவுக்குள் மகள் நுழைந்தபோது, சுகுணாவின் நெஞ்சில் முட்டி நின்ற வார்த்தைகள் அவை. விழுங்கிவிட்டாள். பிரபாகரிடம்கூடச் சொன்னதில்லை. இவ்வளவு நாள் வாயை அடைத்து வைத்தும் என்ன ஆயிற்று? அது அவளுக்குள்ளேயே இறங்கி எடுத்துக்கொண்டது.

கவிப்பிரியா கட்டிலிலிருந்து எழுந்தாள்.

"பாப்பா, வேணாம்!" சுகுணா அலறினாள். "அது நான் இல்ல! நான் இங்க இருக்கறன்!"

கதவுக்கு வெளியே அதே குரல், கனிவாக. "நான் இங்கதான் இருக்கறன் பாப்பா."

கவிப்பிரியா ஃபோனைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மறுபடி ஃபோனைப் பார்த்தாள். இத்தனை நாள் பேசாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த ஒருத்தியைப் பார்ப்பது போல. அந்நிய மனுஷியைப் பார்ப்பது போல.

"நீ இப்படி ஒரு நாளாச்சும் சொல்ல மாட்டியான்னு இருந்தேம்மா" என்றாள். ஃபோனிடம் சொல்லவில்லை.

தாழ்ப்பாள் விலகியது.

கதவு திறந்த இடத்தில் இருட்டு. கவிப்பிரியா அதற்குள் ஓடினாள். ஒரு விசும்பல். வளையல் ஓசை. பிறகு ஒன்றுமில்லை.

சுகுணா கத்தினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். தெருவில் யாரோ ஓடி வந்தார்கள். யாரோ அவள் வாசற்கதவைத் தட்டினார்கள்.

திரை ஆடியது. மேசையிலிருந்து ஃபோனை யாரோ எடுத்தார்கள். கூரை. சுவர். ஒரு முகம்.

பெரிய கட்டத்தில் இருந்தவள் சுகுணா. மூலையிலிருந்த சின்னக் கட்டத்தில் இருந்தவளும் சுகுணா. சின்னக் கட்டத்தில் இருந்தவளின் வாய் கோணி, முடி கலைந்து, கண்கள் பிதுங்கியிருந்தன. பெரிய கட்டத்தில் இருந்தவள் அமைதியாக இருந்தாள். அவள் தோளில் கவிப்பிரியா கண்மூடிச் சாய்ந்திருந்தாள், பால் குடித்துவிட்டுத் தூங்கிப்போன குழந்தையின் நிறைவோடு. மகளின் தலையை அவளுடைய ஒரு கை தடவிக்கொண்டிருந்தது. மெதுவாக. மிக மெதுவாக. உள்ளங்கை உச்சந்தலையிலேயே இருக்க, அதன் விரல்கள் நீண்டு நெற்றியைக் கடந்து, மூடிய கண்களைக் கடந்து, கன்னத்தைக் கடந்து, தாடைக்கு அடியில் போய் மடிந்தன.