மத்தியான மணி

பெட்டியை மேசையில் வைத்த பிறகும் புறாக்கள் சிறகடிக்கிற சத்தம் புனிதமலருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

கணவன் யோசெப்பின் தம்பி, கப்பலில் வேலை செய்யும் அல்பேர்ட் அனுப்பிய படம் பார்க்கிற பெட்டி அது. இரண்டு துளைகளிலும் கண்ணை வைத்தால் வெனிஸ் நகரத்துச் சதுக்கம் தெரியும். பக்கத்து விசையை அமுக்கினால் படம் மாறும். அவள் மாற்றுவதே இல்லை. பெரிய கோயில், வானைத் தொடும் மணிக்கூண்டு, ஈரக் கல்தரை, புறாக் கூட்டம், ஆங்காங்கே தலை குனிந்து நிற்கும் மனிதர்கள். முல்லைத்தீவில் கருவாடு காயப்போடுகிறவளுக்கு இந்தப் பிறவியில் அங்கே போகக் கிடைக்குமா?

"அதையே பாத்துக்கொண்டிராதை. பிள்ளை எழும்பினாப் பாலைக் குடு. நான் வலையைப் பாத்திட்டு வாறன்," என்று யோசெப் கடற்கரைக்குப் போனான். நாலு மாதக் குழந்தை, கயிற்றில் தொங்கிய சேலை ஏணையில் தூங்கியது.

அவள் பெட்டியை மறுபடி கண்ணில் வைத்தாள். கருவாட்டு மணம் மெல்ல விலகி, நனைந்த கல்லின் மணமும் அணைத்த மெழுகுதிரியின் மணமும் ஏறிவர, பன்னிரண்டு மணிச் செபத்துக்கு மணி அடித்தது. சின்ன வயதுப் பழக்கம். பெட்டியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே எழுந்து, மற்றக் கையால் முக்காட்டை இழுத்துவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுத் தலை குனிந்தாள். மணி ஓயும்வரை அசையக் கூடாது.

பாதிச் செபத்தில்தான் நினைவு வந்தது. ஊர்க் கோயில் மணி வெடித்து, திருத்துவதற்கு யாழ்ப்பாணம் போய் ஒரு மாதம்.

அப்படியென்றால் இது எந்த மணி?

பெட்டியை இறக்கப் பார்த்தாள். கையில் பெட்டி இல்லை. காலடியில் குளிர்ந்த கல்.

சுற்றிலும் தலை குனிந்தவர்கள். அவர்களும் ஒருநாள் இந்த மணிக்குச் செபம் சொன்னவர்கள்தான். பக்கத்தில் நின்ற கிழவரின் கன்னத்தில் ஒரு துளிக் கண்ணீர் பாதி வழியில் நின்றிருந்தது. அவருடைய கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது.

மேலே எங்கோ பிள்ளை அழுதது. பால் சுரந்து சட்டை நனைந்தது. ஓட வேண்டும். கால் வரவில்லை. மணி ஓயட்டும், ஓடிவிடலாம்.

மணி ஓயவில்லை.

ஏணைக் கயிறு கிறீச்சிட்டது. வானம் இருண்டது. கண்ணை மட்டும் உயர்த்தினாள். வானம் முழுவதும் ஒரு கண். இமையில் கடல் உப்பு. யோசெப்.

"பிள்ளை இந்தக் கத்துக் கத்துது, இவள் எங்கை போனவள்?" அந்தக் கண் கூர்ந்து பார்த்தது. "அட, இதுக்குள்ள சேலையோட ஒருத்தி நிக்கிறாள்."

நான்தான். நான்தான்!

உதடு பிரியவில்லை.

விசையில் அவன் விரல் அமர்ந்தது.

டக்.

இருட்டு. அதற்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேலே பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.