நாலு பதினொன்றுக்கு ஒரு விமர்சனம்

போன் அலறியது!

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே முக்கால். இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முடியப் போகிற நேரம். ஜாஸ் ஓடும்போது போனை எடுப்பது பல்செட்டுக்கு அறவே பிடிக்காது.

ஆனால் அழைப்பது அண்ணி!

"சொல்லுங்க அண்ணி..."

மறுமுனையில் அழுகைதான் வந்தது.

"உங்க அண்ணன்... தலையெல்லாம் ரத்தம்... கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டேங்குறாரும்மா!"

ஊசியைத் தூக்கக்கூடத் தோன்றாமல் ஓடினாள்.

பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவள் தொழில். அதனால் நண்பர்கள் வைத்த பெயர் பல்செட். அண்ணன் அவளுடைய கூடப்பிறந்தவர் இல்லை. இரண்டு தெரு தள்ளி வீட்டோடு அச்சகம் வைத்திருந்தவர். அவளுக்கு ஜாஸ் என்றால் என்னவென்று காட்டிக்கொடுத்தவர்.

அச்சக அறையில், மேஜைக்கடியில் கிடந்தார் அண்ணன். பக்கத்தில், காகிதக் கட்டுகளை அழுத்தி வைக்கிற இரும்புக் கட்டி.

மூச்சு இல்லை.

*

"கொல்லணும்னு எழுதினது நீதானேம்மா?"

திங்கட்கிழமை காலை. போலீஸ் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் ஒரு போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

போனில் திறந்திருந்தது அவர்களுடைய ஜாஸ் குழு. மொத்தம் நாலு பேர். ஞாயிறு சாயங்காலம் சரியாக நாலு மணிக்கு, அவரவர் வீட்டில் ஒரே ஆல்பத்தை ஓடவிடுவார்கள். கேட்கக் கேட்கக் கருத்தைக் குழுவில் எழுதுவார்கள். இரண்டே விதிகள். கேட்டு முடிக்கும்வரை தட்டின் உறையில் அச்சடித்திருப்பதைப் படிக்கக் கூடாது. ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்த அண்ணன், கடைசியில்தான் வாயைத் திறப்பார்.

இன்ஸ்பெக்டர் சத்தமாகப் படித்தார்.

"நாலு பதினொண்ணு. பல்செட். 'இந்த ட்ரம்ஸை நமக்குச் சிபாரிசு பண்ண ஆளைக் கொல்லணும்!'... சிபாரிசு பண்ணது யாரு?"

"அண்ணன்."

"செத்தது யாரு?"

"அண்ணன். சார், அது விமர்சனம்!"

"மூணே முக்காலுக்கு அவர் சம்சாரம் கடைக்குப் போயிருக்காங்க. நாலே நாற்பதுக்குத் திரும்பியிருக்காங்க. நடுவுலதான் கொலை. அந்த நேரத்துல நீ எங்க இருந்தே?"

"என் வீட்ல. தனியா. பாட்டு கேட்டுக்கிட்டு."

"பார்த்த சாட்சி?"

"ஜாஸ் கேட்டா பக்கத்து வீட்டுக்காரங்களே ஜன்னலைச் சாத்திடுவாங்க சார். சாட்சிக்கு எங்க போறது?"

மூலையில் நின்ற ஏட்டு சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"குழுவுல டிக்கெட்டுன்னு ஒருத்தர் இருக்காரே..."

"ரயில்ல டிக்கெட் பரிசோதகர்."

"காலையிலேயே விசாரிச்சாச்சு. அந்த நேரத்துல அவர் வீடு முழுக்க விருந்தாளிங்க. இதோ, சார் வீடு ஊருக்கு அந்தக் கோடி. அவர் போன் நேத்து சாயங்காலம் வீட்டை விட்டு நகரவே இல்ல. நிமிஷக் கணக்கா கருத்து எழுதியிருக்கார். நீதான் மிச்சம்!"

'சார்' என்று இன்ஸ்பெக்டர் கைகாட்டியது பக்கத்து நாற்காலியை. அதில் உட்கார்ந்திருந்த, குழுவின் நாலாவது ஆளுக்கு ஊரே வைத்த பெயர், காது! முப்பது வருடமாகப் பத்திரிகையில் ஜாஸ் பற்றி எழுதுகிறவர். அவர் நல்லது என்றால் நல்லது. மட்டம் என்றால் அந்த ஆல்பத்துக்கு அன்றோடு பால் ஊற்றிவிடலாம்.

அவர் கனிவாகக் குனிந்தார்.

"சின்னப் பொண்ணு சார். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். ஏம்மா, கோபத்துல எழுதிட்டேன், அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கிறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடு. சார்கிட்ட நான் பேசிக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் தள்ளினார்.

பல்செட் பேனாவைப் பார்த்தாள். நேற்று முழுக்க அழுத கண்கள் எரிந்தன. கோபத்தில் எழுதியதாக ஒப்புக்கொண்டால், அந்தக் கோபம்தான் கொலைக்குக் காரணம் என்பார்கள். மறுத்தாலும் உள்ளேதான். எப்படியும் கம்பிதான் என்றால், பொய் சொல்லிவிட்டு எதற்குப் போக வேண்டும்?

பேனாவைத் திருப்பித் தள்ளினாள்.

"முடியாது!"

"என்னது?"

"கோபத்துல எழுதலை சார். கேட்டு எழுதினேன். அந்த ட்ரம்ஸ் மட்டம். நேத்தும் மட்டம், இன்னிக்கும் மட்டம். அண்ணன் சாவுக்காக அதை நல்லா இருக்குன்னு சொன்னா, அவரே எழுந்து வந்து திட்டுவாரு!"

"திமிரு..."

"திமிருதான். 'நம்ம குழுவுல பொய் சொல்லாதவ நீ ஒருத்திதான்'னு சொன்னது அவர்தான். சந்தேகம்னா போட்டுக் கேளுங்க. ரெண்டு நிமிஷம் நீங்க பொறுத்துக்கிட்டா, கையெழுத்து என்ன, பத்து விரல் ரேகையும் தரேன்!"

காது அவசரமாகக் குறுக்கிட்டார்.

"எதுக்கும்மா இதெல்லாம்? ஸ்டேஷன்ல போய்..."

அதுதான் இன்ஸ்பெக்டரை உசுப்பிவிட்டது. என் ஸ்டேஷனில் என்ன செய்யலாம் என்று எனக்கே சொல்கிறாரா?

"ஏட்டய்யா! நேத்து அச்சகத்துலேர்ந்து கொண்டாந்த அந்தப் பிளேயரை எடும். தட்டையும்!"

மேஜைமேல் பிளேயர் வந்து உட்கார்ந்தது. '1' என்று லேபிள் ஒட்டிய பக்கத்தை மேலே வைத்து, ஏட்டு ஊசியை இறக்கினார்.

கர்ர்ர்...

தடதடதடதட... டமார்!

வெளியே மனு கொடுக்க வந்த பெரியவர் எழுந்து ஓடினார்.

ஒன்றரை நிமிடம்! அதற்குமேல் இன்ஸ்பெக்டரால் முடியவில்லை.

"நிறுத்துய்யா! தகர டப்பா உருளுற மாதிரி..." நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உறையைத் திருப்பிப் பார்த்தார். புருவம் ஏறியது. "என்னய்யா இது? முதல் பாட்டு, ட்ரம்ஸ் கிடையாது, பேஸ் கிட்டார் மட்டும்னு போட்டிருக்கே. ட்ரம்ஸ் ரெண்டாம் பக்கத்துலதானாம்!"

பல்செட் அப்படியே நின்றாள்.

உறையை அவள் இன்னும் படிக்கவில்லை. கேட்பதற்கு முன் உறையைப் படிப்பது, வினாத்தாளைத் திருடிவிட்டுப் பரீட்சை எழுதுவது மாதிரி என்பார் அண்ணன்.

"சார்... குழுவுல வந்ததை முதல்லேர்ந்து படிங்க!"

"நாலு மூணு. காது. 'பேஸ் என்னமா அழுகிறது! ட்ரம்ஸே இல்லாத இந்த மௌனம்தான் இந்த ஆல்பத்தின் உயிர்.' நாலு நாலு. டிக்கெட். 'எந்த மௌனம் சார்? இங்க இடி இடிக்குது!'"

"அதுக்கு அவர் என்ன பதில் போட்டார்?"

"பதில் இல்ல. நாலு ஒன்பது. காது. 'பேஸின் ஏக்கம் தொடர்கிறது...'"

"நாலு பதினொண்ணுக்கு நான் ட்ரம்ஸைத் திட்டறேன். அதுக்கும் பதில் இல்ல! யாராவது எதிர்த்துப் பேசினா மூணு நாள் சண்டை போடறவர் சார் இவர்!"

"இதையெல்லாம் நேத்தே கேக்கலையா?"

"எங்க குழுவுல ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் ஒத்துக்கிட்டதே இல்ல சார். மேதைக்கு மட்டும் கேக்குற மௌனம் போலிருக்குன்னு விட்டுட்டோம்!"

காது சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது.

"லேபிள் மாறியிருக்கும். கம்பெனித் தப்பு. என்கிட்ட இருக்கிற தட்டு சரியா இருந்தது."

லேபிள்!

வியாழக்கிழமை தட்டைக் கொடுக்கும்போது அண்ணன் சொன்னது அவள் நினைவில் பளிச்சிட்டது. 'இந்த ஞாயித்துக்கிழமை, யாரு நிஜமா காதால கேக்கறாங்கன்னு தெரிஞ்சுடும்.' தன்னைத்தான் குத்துகிறார் என்று அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளே!

கைப்பையைத் திறந்தாள். மெழுகுப் பல்லைச் செதுக்கும் சின்னக் கத்தி.

"ஏய்! என்ன பண்றே?"

"பல்லு பிடுங்கலை சார், பயப்படாதீங்க."

லேபிளின் ஓரத்தில் கத்தி நுனியைக் கொடுத்து மெல்லத் தூக்கினாள். பழைய தட்டுமேல் புதுக் காகிதம். உரிந்து வந்தது.

அடியில் இன்னொரு லேபிள். அதில் '2'!

"கம்பெனித் தப்பு இல்ல சார். அண்ணனே அச்சடிச்சு ஒட்டியிருக்காரு. எல்லார் தட்டுலயும் ஒட்டித்தான் கொடுத்திருக்காரு. உறையைப் பார்த்து எழுதறவன் மட்டும் மாட்டணும்னு!"

இன்ஸ்பெக்டர் ஏட்டிடம் ஏதோ முணுமுணுத்தார். ஏட்டு ஜீப்பில் பறந்தார்.

முக்கால் மணி நேரம்... காதின் வழுக்கையில் வியர்வை ஊறிக்கொண்டே இருந்தது.

போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"சார், காது சார் வீட்டுத் தட்டுலயும் லேபிளுக்கு அடியில லேபிள்! அப்புறம்... பிளேயர்ல ஊசியே இல்ல சார்! மருமகப் பொண்ணைக் கேட்டா, 'மாமா இதைப் போட்டு நான் பார்த்ததே இல்லையே, நான் வந்து ஒன்பது வருஷமாச்சு'ங்குது! நேத்து மூணரை மணிக்கே போனைச் சார்ஜ்ல போட்டுட்டு வெளியே போயிருக்காரு!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு, காதின் எதிரே உட்கார்ந்தார்.

"நேரம் குறிச்சு வச்சா தானாப் போற மெசேஜ்... அப்படித்தானே? எத்தனை மணிக்குப் போனீங்க அங்க?"

காது தலையைத் தொங்கப்போட்டார்.

"நாலு பத்து இருக்கும்... அவன் தட்டை இன்னும் உறையிலேர்ந்துகூட எடுக்கலை. என் கருத்தைத்தான் படிச்சுச் சிரிச்சுக்கிட்டிருந்தான்." குரல் உடைந்தது. "என் முப்பது வருஷக் கட்டுரையெல்லாம் புத்தகமா அவன் அச்சகத்துலதான் ஓட வேண்டியது. ரெண்டு வாரம் முன்னாடி வீட்டுக்கு வந்தவன், ஊசி இல்லாததைப் பார்த்துட்டான். 'பொய்யை அச்சடிக்க மாட்டேன், ஞாயித்துக்கிழமை கடைசியா நான் பேசும்போது எல்லார்கிட்டயும் சொல்லுவேன்'னான். கெஞ்சினேன்... கேக்கலை..."

"நீங்களும்தான் கேக்கலை, முப்பது வருஷமா!" என்றாள் பல்செட். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு பாட்டைக் கேக்கச் சோம்பல்பட்டு, ஒரு மனுஷனைக் கொன்னுட்டீங்களே! என்னைக் கையெழுத்து வேற போடச் சொன்னீங்களே!"

காதை லாக்கப்புக்குக் கொண்டுபோனார்கள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து, தானே ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்.

"அந்த ட்ரம்ஸ்தான்மா உன்னைக் காப்பாத்தியிருக்கு. இப்பவாவது அது நல்லா இருக்குன்னு சொல்லேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உயிரைக் காப்பாத்தினாலும் மட்டம் மட்டம்தான் சார்!"

திரும்பி வந்த ஏட்டு பிளேயரைத் தூக்கினார்.

"இதை உள்ளே எடுத்து வச்சிடட்டுமா சார்?"

"வேணாம். லாக்கப் வாசல்ல வை. முழுசா ஓடட்டும். அவர் முதல் தடவையாக் கேக்கட்டும்!"

வாசல்வரை போன பல்செட் திரும்பிப் பார்த்தாள்.

"மறந்தும் திருப்பிப் போட்டுடாதீங்க சார்... இன்னொரு பக்கம்தான் நல்லா இருக்கும். அவருக்கு அது எதுக்கு? இந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் போடுங்க!"