சைரன் ஏழுமலையின் பட்டறை

காலை ஏழு மணி. குருவிட்டவுக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்தில், நாலு பேர் சேர்ந்து பட்டறைக் கதவை உடைத்தார்கள். உள்ளே மேசைமேல் தலை சாய்ந்தபடி ஏழுமலை இறந்து கிடந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல்களும் மழைக்காக உள்ளிருந்தே கொக்கி போடப்பட்டிருந்தன.

நாடறிந்த மனிதர். றப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் மகனாகத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, டவுனில் ரேடியோ திருத்திப் பிழைத்தவர். மலைச்சரிவில் கம்பிகளைப் புதைத்து, மண் லேசாக நகர்ந்தாலே சைரன் அலறும்படி ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். அது முதன்முதலாக அலறிய மழைநாளில் ஒரு லயமே எழுந்தோடித் தப்பியது. பிறகு அரச விருது, பத்திரிகைப் படங்கள். பாடசாலைப் பிள்ளைகள் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள்.

“மாரடைப்பாத்தான் இருக்கும்” என்று கூட்டம் முணுமுணுத்தது.

சப்-இன்ஸ்பெக்டர் இப்திகார் தரையைக் குனிந்து பார்த்தார். சுவரின் மேலிருந்த காற்றுத் துவாரத்துக்கு நேர்கீழே இரண்டு பல்லிகள் செத்துக் கிடந்தன. துவாரத்தின் கம்பி வலையில் புதுக் கரி. வெளியே போய்ப் பார்த்தார். அதே சுவரோரம், தகரக் கொட்டகையில் ஜெனரேட்டர் நின்றது. கயிறு இழுத்துக் கிளப்பும் பழைய மெஷின். டாங்கில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. புகைக்குழாய் வழக்கம்போல மரங்களைப் பார்த்துத்தான் நீண்டிருந்தது.

பத்து மணிக்கு வைத்திய அதிகாரி உடலைப் பார்த்தார். தோலில் செக்கச் சிவப்பு. “புகையிலுள்ள நச்சுவாயு. நேற்றுச் சாயந்தரமே உயிர் போயிருக்கும்.”

மனைவி ஜீவராணி பெல்மதுளையில் தங்கை வீட்டுக்குப் போய், முதல் பஸ்ஸில்தான் திரும்பியிருந்தார். நேற்று ஏழுமலையைப் பார்த்தவர்கள் இரண்டு பேர்.

முதலாமவர் புவாட். கருவியைச் செய்து விற்க அனுமதி கேட்டு அலைந்த வியாபாரி.

“சண்டை போட்டீங்களா?”

“சத்தம் போட்டது உண்மைதான் சேர். அவர் ஒத்துக்கல்ல. பகல் பஸ்ஸுல போயிட்டன்.”

“அப்ப ஜெனரேட்டர் ஓடிச்சா?”

“இல்ல. லைன் மேல மரம் விழுந்து தோட்டமே கரண்ட் இல்லாம கிடந்திச்சு. விடியக்காலைலதான் வந்திச்சாம்.”

பகல் பஸ்ஸில் அவர் ஏறியதைக் கண்டக்டரும் உறுதிப்படுத்தினார்.

இரண்டாமவன் சதீஸ். ஏழுமலையின் உதவியாளன், இருபத்தைந்து வயது இருக்கும்.

“எப்பப் போனீங்க?”

“நாலு மணி இருக்கும் சேர். மாஸ்டர் கதவப் பூட்டிக்கிட்டு உள்ள இருந்தாரு. ட்ரில் சத்தம் கேட்டுச்சு.”

“ஜெனரேட்டர யார் போட்டது?”

“தெரியாது சேர். நா போறவரைக்கும் அது ஓடவே இல்ல.”

இப்திகார் நோட்டை மூடினார்.

“தம்பி, கரண்ட் இல்லாத தோட்டத்துல ட்ரில் எதுல ஓடிச்சு?”

சதீஸ் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“நீங்க ட்ரில் சத்தத்தக் கேட்டப்ப ஜெனரேட்டர் ஓடியிருக்கணும். உள்ள தாழ் போட்ட மனுசன் வெளிய வந்து கயிறு இழுக்க முடியாது. நீங்கதான் இழுத்தீங்க. புகைக்குழாய்ல ஒரு ஹோஸ மாட்டி துவாரத்துல விட்டீங்க. எண்ணெய் தீர்ந்ததும் ஹோஸ எடுத்துட்டீங்க. வலையில படிஞ்ச கரிய மட்டும் எடுக்க முடியல்ல.”

சதீஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“போன வருசம் இதே தோட்டத்து கீழ் டிவிசன்ல மண்ணு சரிஞ்சது சேர். அம்மாவும் தங்கச்சி சசியும் அதுக்குள்ளதான் போனாங்க. அங்க சைரன் இல்ல. கொழும்புக் கண்காட்சியில வைக்க மாஸ்டரே கழட்டிட்டுப் போயிருந்தாரு. ரெண்டு நாள்ல திரும்ப மாட்டிடலாம்னு நெனச்சாரு. அப்புறம் எங் காலப் புடிச்சு அழுதாரு. நானும் மன்னிச்சிட்டேன்.”

“அப்புறம்?”

“போன கெழம டிவியில கேட்டாங்க, அங்க ஏன் சைரன் அடிக்கலன்னு. லயத்து ஆளுங்க சத்தம் தாங்காம வயர அறுத்துட்டாங்கன்னு சொன்னாரு. செத்தவங்க மேல பழி போட்டுட்டாரு சேர். எங்கம்மா மேல.”

ஜீப்பில் ஏற்றும்போது அவன் அழவில்லை. லயத்து வாசல்களில் நின்றவர்கள் யாரும் அவனைத் திட்டவுமில்லை.

இப்திகார் ஜீவராணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கணவரின் முகத்தையே பார்த்திருந்தார்.

“சைரன கழட்டுன விசயம் எனக்குத் தெரியும். டிவியில அப்படிப் பேசிட்டு வந்தவரு ஒரு வாரமா சோறு திங்கல சேர். அதெல்லாம் கோர்ட்டுல வருமா?”

“வரும்.”

“பேரு கெட்டுப் போகுமே” என்றார். கணவரின் நெற்றியைத் தடவிவிட்டு, “வரட்டும். சதீஸோட அம்மா அழகம்மாக்கா வயர அறுக்கலன்னு நானே வந்து சொல்றேன்” என்றார்.