இருபதாவது பெயர்

இவன் பேரை மட்டும் ஏன் இன்னும் எழுதவில்லை?

வாய்விட்டுக் கேட்கக்கூடத் திரௌபதிக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து கம்ப்யூட்டரில் பெயர்களைத் தட்டித் தட்டி மணிக்கட்டு கனத்துக் கிடந்தது. ஐப்பசி மழையில் மூன்று மணிக்கே மீனவர் சங்க ஆபீஸ் இருட்டிவிட்டது. ஜெனரேட்டரின் டீசல் வாடையோடு ஏரிச்சேற்றின் வாடையும் ஜன்னல் வழியே வந்து, வெளியேற வழியில்லாமல் அறைக்குள் தேங்கி நின்றது.

ஏரியில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கல்யாணமானவனுக்குத்தான் பாடு. போன மாதம் தம்பி மூர்த்திக்கு அவள்தான் முன்னின்று கல்யாணம் முடித்தாள். இன்று அவனுக்கு முதல் பாடு. இந்த எண்பத்தெட்டாம் வருஷத்திலிருந்து, கம்ப்யூட்டரில் பதிவான பிறகுதான் படகு எடுக்கலாம் என்பது சங்கத்தின் விதி.

இயந்திரம் மெதுவாக வேலை செய்கிறதே என்று பார்க்க மெட்ராஸிலிருந்து வந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் வரதன் முன்பே சொல்லியிருந்தான்.

"நீங்க அடிச்ச உடனே டிஸ்க்ல எழுதாது மேடம். மெமரியில வச்சிக்கும். எழுதுற முனை எங்க நிக்குதோ, அதுக்குப் பக்கத்துல இருக்கிறதை முதல்ல எழுதும். கோட்டைக்குப்பம் போற பயணிகள் படகு மாதிரி. முதல்ல ஏறினவரையா முதல்ல இறக்கறாங்க? கரை வர்ற வரிசையிலதானே? அடிச்ச வரிசையிலயே எழுதினா, முனை இங்கியும் அங்கியும் ஓடியே பொழுது போயிடும்."

"தூரத்துல இருக்கிறவரு?"

"காத்திருக்கணும். அரை நிமிஷத்துக்கு மேல போகாது."

டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு பெயரும் பிரிண்டரில் ஒரு வரியாக விழும்படி செய்துவிட்டுப் போனான்.

முதல் பட்டியலில் இயந்திரம் கடைசியாக விட்டுவைத்தது ஆதிகேசவன் பெயரை. ஐந்து நிமிஷம் வைத்திருந்து எழுதியது. மறுநாள் படகு மட்டும் திரும்பியது. அடுத்த பட்டியலில் திருவேங்கடம், பத்து நிமிஷம். அந்தப் படகும் ஆளில்லாமல்தான் வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

இன்று பத்தொன்பது பெயர்கள் விழுந்து நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது.

ஜன்னலில் மூர்த்தியின் ஈரத் தலை தெரிந்தது. "இன்னாக்கா, உன் பொட்டி என் பேரை முழுங்கிடுச்சா? கட்டிக்கினவகிட்ட இன்னான்னு சொல்றது?"

"வூட்டுக்குப் போடா."

"மொத பாடு. வூட்டுக்குப் போவணுமாம். நல்லாக்குது உன் நாயம்." சிரித்துக்கொண்டே துறைப்பக்கம் போனான்.

அவன் காலடி ஓய்ந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. டிஸ்க்குக்குள் முனை நகர்ந்தது. தகரத்தில் நண்டு ஊர்வதுபோல், ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, எங்கும் நிற்காமல், எதையும் எழுதாமல். திரும்பியது. மறுபடி ஊர்ந்தது. தேடியது.

ஜெனரேட்டர் இருமியது. நின்றது.

திரை அணைந்தது. கரண்டு போனால் மெமரியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று வரதன் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியானால் மூர்த்தியின் பெயர் இனி எங்கும் இல்லை. பாடு போனால் போகட்டும். திட்டுவான், ஒரு மாதம் பேசமாட்டான், பரவாயில்லை. நாள் முழுக்கத் தோளில் ஏறியிருந்த ஏதோ ஒன்று இறங்கியதுபோல் இருந்தது. நாற்காலியில் சாய்ந்தாள்.

மழை மட்டும்.

பிறகு, மழைக்குள், அது.

ஓரத்திலிருந்து ஓரம்வரை.

கரண்டில்லாத டிஸ்க்கில்.

கதவு திறந்தது. செயலாளர் ஆதிநாராயணன், கையில் டார்ச்சும் பேனாவும். பொன்னேரியிலிருந்து தினம் வந்துபோகிறவர். ஊர்க்காரர்கள் யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது.

"ஒண்ணு பதிவாகலையாம்மா? சீட்டைப் படி. கையால எழுதித் தந்துடறேன். பாவம், யாரோ வலையோட மழையில நிக்கிறான்."

ஊர்வது நின்றது.

டார்ச் வெளிச்சம் பிரிண்டர்மேல் விழுந்தது. அதன் அச்சுத்தலை இருபதாவது வரியின் தொடக்கத்துக்கு வந்து நின்றிருந்தது. மெல்ல நடுங்கியது. காது கொடுத்திருந்தது.

"யார் பேரும்மா?"

மடியிலிருந்த மூர்த்தியின் சீட்டை அவள் உள்ளங்கைக்குள் கசக்கினாள்.

"சொல்ல மாட்டேன் சார்."