துடைக்காத பக்கம்

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் வந்திறங்கிய கோமளவல்லி, வீரபத்திரனின் மேஜைமேல் மூன்று பொருள்களை வைத்தாள்: இறந்த கணவன் கைப்பட புரோகிராம் எழுதிய நோட்டு, அந்த புரோகிராமின் கம்ப்யூட்டர் பிரிண்ட், அவனது ராஜினாமாக் கடிதத்தின் நகல்.

1987-ஆம் வருடம். வீரபத்திரன் சென்னையில் கம்ப்யூட்டர் இன்ஜினீயராயிருந்து ஓய்வு பெற்று, திருத்தணிக்குத் திரும்பியவர்.

"நானும் என் வீட்டுக்காரர் இளங்கோவனும் ஒரே கம்பெனிதான் சார். வெள்ளோட்டத்தன்னிக்கி மிஷின் கெட்டுப்போச்சு. அவரு எழுதின புரோகிராம்தான் காரணம்னுட்டாங்க. வேலையை விட்டாரு. மூணே மாசம், நெஞ்சுவலியில போயிட்டாரு. போன அக்டோபர்ல அங்க வேலைக்கு வந்த ராஜவேலுதான் ஏதோ செஞ்சிருக்கணும்."

வீரபத்திரன் நிதானமாகப் படித்தார். அருகில் உட்கார்ந்திருந்த நண்பர் பங்காரு, கணக்கு வாத்தியார், பொறுக்காமல் கேட்டார்: "என்னதான் சார் தப்பு?"

"ஒவ்வொரு புரோகிராமுக்கும் நினைவகத்துல எது எங்க இருக்குன்னு மிஷின் பார்க்க ஒரு அட்டவணை வேணும். அதுக்கும் நினைவகத்துலதான் ஒரு பக்கம் ஒதுக்கணும். ஒதுக்கினதும் துடைக்கணும். இல்லைன்னா பழைய எச்சத்தையே முகவரின்னு நம்பி, மிஷின் அடுத்தவன் இடத்துல எழுதிடும். சோதனையில எதுவும் எழுதாத புதுப் பக்கமாவே கிடைச்சிருக்கும், தப்பு தெரியலை. நோட்டுல துடைக்கச் சொல்ற வரி இருக்கு. பிரிண்ட்ல இல்லை."

"ராஜவேலு அழிச்சிட்டான்!" பங்காரு துள்ளினார்.

"பிரிண்ட்ல தேதி போன செப்டம்பர் பத்து. ராஜவேலு அப்ப வரவேயில்லை." வீரபத்திரன் கடிதத்தை எடுத்தார். "'அந்த வரியை எழுத மறந்துவிட்டேன்'னு இருக்கு. ஆனா நோட்டுல எழுதியிருக்காரு, பக்கத்தோட அடியில தனியா. டைப் பண்றவங்க பக்கத்தைத் திருப்புற அவசரத்துல தவறவிடலாம்." அவர் குரல் தாழ்ந்தது. "இதைப் பார்த்து டைப் பண்ணினது யாரும்மா?"

கோமளவல்லி நோட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைப் பார்த்தாள்.

"நான்தான் சார்."

பங்காரு தலையைக் குனிந்துகொண்டார்.

"அவருக்குத் தெரியுமா சார்?" என்றாள் கோமளவல்லி.

"தெரிஞ்சதாலதான் 'மறந்துவிட்டேன்'னு எழுதியிருக்காரும்மா."

"மூணு மாசம் பக்கத்துலயே இருந்தேனே சார். ஒரு வார்த்தை சொல்லலியே…" அவள் வாய்விட்டு அழுதாள். வீரபத்திரன் தடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வெள்ளைத்தாள் குடுங்க சார். கம்பெனிக்கு எழுதணும்."

"உங்க வேலை போயிடும்மா."

"ஆங், தெரியும் சார்."

பங்காரு தாள் தந்தார். 'என் கணவர் எதையும் மறக்கவில்லை' என்று அவள் எழுதத் தொடங்கினாள்.