கொடி பேங்க்கில் இருக்கிறது

போன் அடித்தது.

நிரோஷினியின் போன். எடுக்கத்தான் நிரோஷினி இல்லை. கட்டுகஸ்தோட்டை வாடகை வீட்டின் சிமெண்டுத் தரையில், கண் திறந்தபடி செத்துக் கிடந்தாள்.

யுகேஷ் மூச்சு வாங்க நின்றான். புருஷன்தான்... ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை.

அவள் தாயிடம் போனில் குசுகுசுத்தது அவன் காதில் விழுந்ததில் தொடங்கியது வினை.

"கொடி பேங்க்ல பத்திரமா இருக்கும்மா. அவருக்குத் தெரிய வேணாம்."

இரண்டாவது பிள்ளை பெற்று வந்த நாளிலிருந்து அவள் கழுத்தில் தாலிக்கொடி இல்லை. யுகேஷுக்கோ நாளைய ரேஸில் ஒரு குதிரை மேல் கண்.

"கொடி எங்கடி?"

"பேங்க்லங்க... சுதாவுக்காக வச்சிருக்கேன்."

சுதர்சினி மூத்தவள். ஏழு வயது. இரத்தப் புற்றுநோயுடன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். யுகேஷ் உலகத்தில் நேசித்த ஒரே உயிர் அவள்.

"நோயில கெடக்கிற புள்ளைக்கு இப்பவே சீதனமா? எந்த பேங்க்?"

"சொன்னா கெடுத்துருவீங்க."

கொடி இல்லாத கழுத்தை அவன் கைகள் வளைத்தன. அவன் கோபம் அடங்கியபோது அவளும் அடங்கியிருந்தாள்.

போன் விடவில்லை. எடுத்தான்.

"பேங்க்ல இருந்து பிரேமிளா பேசுறேன். மிசிஸ் நிரோஷினி இருக்காங்களா?"

யுகேஷுக்கு வாயெல்லாம் பல்.

"குளிக்கிறா மிஸ். நான் ஹஸ்பண்ட். கொடி விஷயந்தானே?"

"சொல்லிட்டாங்களா? நல்லது. தொப்புள்கொடியைத் தாயத்துல போடணும்னு மாமியாரும் நீங்களும் ஒத்தக்கால்ல நிப்பீங்கன்னு பயந்தாங்க."

"தொப்புள்... கொடியா?"

"ஆமா சேர். பிரசவத்தப்ப எடுத்த தொப்புள்கொடி இரத்தம். எங்க பேங்க்லதானே உறைய வச்சிருக்கோம். மூத்த மகளுக்கு அப்படியே பொருந்துது. புள்ள பொழைக்க வழியிருக்கு சேர்."

சுதா பிழைப்பாள்!

"இப்பவே வர்றேன்... குடுங்க மிஸ்."

"நீங்க வந்து பலனில்ல. மிசிஸ் பேர்ல இருக்கு. அவங்க நேர்ல வந்து கையெழுத்து வச்சாத்தான் வெளிய எடுப்போம். ஐடென்டிட்டி கார்டையும் மறக்காம கொண்டுவரச் சொல்லுங்க."

கார்டு... என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அலுமாரியைக் குடைந்தான். பிள்ளைத் துணிகளுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது.

தாலிக்கொடி! பிள்ளையின் முகத்தில் குத்துகிறதென்று கழற்றிச் சுருட்டி வைத்திருந்தாள்.

வெளியே தூறல். பக்கத்து வீட்டுப் பாலாம்பிகை குரல் கொடுத்தாள்.

"நிரோஷினி... மழை வருது புள்ள. கொடியை மறந்துட்டியா? துணியெல்லாம் நனையுது."

நிரோஷினி மறந்துவிட்டாள். யுகேஷ்தான் ஆயுளுக்கும் மறக்கமாட்டான்... மூன்று கொடியையும்!