பார்லோவின் மூன்றாவது ஆடி

1784ஆம் ஆண்டு மார்ச் 11, வியாழக்கிழமை. அன்று பர்மிங்காமில், பித்தளைப் பொத்தான் ஆலை நடத்திய எனோக் பார்லோவின் வீட்டில் நிகழ்ந்ததை, அவன் சேர்ந்திருந்த விண்நோக்கர் கழகத்தார் தம் குறிப்பேட்டில் ‘ஆடி பழுதின்றி அமைந்தது’ என்று ஒரே வரியில் எழுதி முடித்துக்கொண்டனர். அது முறையன்று.

தொலைநோக்கிக்கென்று செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்த உலோக ஆடி அது. நிலவறையில், ஈரச் சுவரின் பூஞ்சை நெடியும் கீல் என்னும் கரும்பிசினின் கசப்பு மணமும் கலந்து மூச்சை அடைக்க, விடியற்காலை ஐந்து மணி முதல் பார்லோ குனிந்து நின்று, கீல் பூசிய கட்டையால் அதை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். கை ஒரு கணம் நின்றாலும் கீல் ஒட்டிக்கொள்ளும், ஆடி பாழாகிவிடும். முன்னர் இரண்டு அப்படித்தான் பாழாயின. ஆகவே அவன் மனைவி டோர்கஸ், பின்னால் நின்றபடி, கரண்டியால் அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள்.

“வாயைத் தொறங்க, சந்திர மண்டலத்துத் துரையே! கல்யாணத்தன்னைக்குக்கூட என் கையை இவ்வளவு நேரம் புடிக்கலையே நீங்க.”

“சிரிக்க வைக்காதடி, கை ஆடுது. இன்னும் மூணு மணி நேரந்தான்.”

“கஞ்சி தீந்துபோச்சு. கொண்டாரேன், இருங்க.”

“இருக்காம எங்க போவேன்?”

கிண்ணத்தோடும் கரண்டியோடும் அவள் படியேறினாள். மேலே அடுப்படியில் காலடிகள் கேட்டன, பின் ஏதோ கனமாக விழுந்தது, மண்பாண்டம் உடைந்தது.

“என்னங்க... வழுக்கிட்டேன். இடுப்பு அசையல. தலையில ரத்தம் வருது.”

“இதோ வரேன்.”

கை சுற்றியது. ஒரு வட்டம் முடியட்டும் என்று எண்ணினான். அது முடிந்தது, அடுத்ததும் முடிந்தது.

“எனோக், வாங்களேன்!”

“வந்துட்டேன், வந்துட்டேன்.”

மேலே ஓசை அடங்கியது. நெடுநேரம் கட்டை உரசும் ஒலி மட்டுமே கேட்டது. பிறகு படிகளில் காலடிகள் மெல்ல இறங்கின. தோளுக்குமேல் கரண்டி நீண்டு வந்து உதட்டைத் தொட்டது. அவன் விழுங்கினான். கஞ்சி குளிர்ந்திருந்தது. ஈர மண்ணின் சுவை.

“அப்பாடா! பயமுறுத்திட்டியேடி. ஒண்ணும் ஆகலையே?”

பிடரியில் ஒரு கை படிந்தது. அது வருடியது.

அப்போது மேலே அடுப்படியிலிருந்து, நைந்த குரலில், டோர்கஸ் கேட்டாள்:

“யாருகிட்டங்க பேசுறீங்க?”

தேய்த்த கை நிற்கவில்லை.

ஆடியில் மெருகு ஏறத் தொடங்கியிருந்தது. அதில் அவன் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னாலும் ஏதோ தெரியத் தொடங்கியது. கண்களை இறுக மூடிக்கொண்டான். கரண்டி மீண்டும் உதட்டைத் தொட்டது.

வாயைத் திறந்தான்.

மாலை ஆறு மணிக்குக் கழகத்தார் வந்தனர். அடுப்படியில் டோர்கஸ் இறந்து கிடந்தாள். வீட்டிலிருந்த ஒரே கஞ்சிக் கரண்டி அவள் விரல்களுக்குள் இறுகியிருந்தது. கீழே பார்லோ, கண்களை மூடியபடி, தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் திறந்தது. மூடியது. விழுங்கியது. மறுபடியும் திறந்தது.

இதைப் படிக்கும் உங்களை அடுத்த அறையிலிருந்து யாரேனும் அழைத்தால், ‘இதோ வருகிறேன்’ என்று சொல்லாதீர்கள். எழுந்து செல்லுங்கள்.